துரை பக்கம் மட்டும் இரும்பு

அந்தக் காரின் இடப்பக்கத்து முன் டயர் ஆறே மாதத்தில் நூல் தெரியத் தேய்ந்துபோனது. அதை வைத்து என்னை உள்ளே தள்ளப் பார்த்தார்கள்.

இது நடந்தது மலாயாவில், கம்யூனிஸ்ட் காலத்தில், சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். இன்று அந்தப் பக்கம் போனால் செனாவாங் தொழிற்சாலைகள்தான் தெரியும். ஷிப்டு முடிந்து மோட்டாரில் பறக்கிற பிள்ளைகளுக்கு அங்கே கம்பிவேலி இருந்ததே தெரியாது. தெரியாவிட்டால் போகட்டும், அதற்காக நான் அழப்போவதில்லை. ஆனால் அந்த டயர் விஷயத்தை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிவிட்டார்கள். நான் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காலில் விழுந்து தப்பித்தேன் என்று சொன்னவனும் உண்டு. நான் யார் காலிலும் விழவில்லை. தரையில் படுத்தது உண்மை. அது டயரைப் பார்க்க.

நான் அந்தத் தோட்டத்தில் ஆறு வருஷம் பால் லாரி ஓட்டியவன். மரத்துப் பாலை ஃபேக்டரிக்கு ஏற்றி வருகிற லாரி. டவுன் பட்டறைக்காரர்கள் தோட்டத்துக்குள் கால் வைக்கப் பயந்த காலம் அது. வண்டி நின்றால் நானேதான் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். படுத்துப் படுத்துக் கற்றதுதான் என் படிப்பு.

அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்துத் துரையின் காரைக் காட்டுக்காரர்கள், காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் ஆட்கள், சுட்டார்கள். துரைக்குத் தோளில் காயம். டிரைவர் அந்த இடத்திலேயே செத்துப்போனார். ஒரு மாதம் எல்லோரும் துரையின் தோளைப் பற்றியே பேசினார்கள். சுட்டதற்கு மறுநாளே எங்கள் துரையின் டிரைவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவருடைய இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். லாரியையும்தான் சுடுகிறார்கள், எதில் உட்கார்ந்திருந்தால் என்ன என்று போனேன்.

கார் புதுசு. கப்பலில் வந்து இறங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கறுப்பு நிறம், உள்ளே தோல் வாசனை. அந்த வாரமே ஃபேக்டரி ஃபிட்டரைக் கூப்பிட்டு இரும்பு அடிக்கச் சொன்னார் துரை. பின் இருக்கையைத்தான் குறிவைக்கிறார்கள் என்று கிளப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் அவர் முன்னால், என் இடப்பக்கம் உட்கார ஆரம்பித்தார். இடப்பக்கக் கதவில் ஒரு தகடு. அவர் காலுக்கு முன்னால் ஒரு தகடு. அவர் முகத்துக்கு நேரே, கண்ணாடியை மறைத்து, பார்க்க ஒரு கீறல் மட்டும் விட்டு ஒரு தகடு. அவர் இருக்கையின் முதுகில் ஒரு தகடு. சுண்டுவிரல் கனம். ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

என் பக்கம் ஒன்றும் இல்லை.

ஃபிட்டரிடம் கேட்டேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "ஓட்டுறவன் ரோட்டப் பாக்கணும்ல, அதான்."

"கதவு வழியாவாய்யா ரோட்டப் பாக்குறேன்?"

"எங்கிட்ட ஏன் கேக்குற? தொரகிட்டப் போய்க் கேளு."

கேட்கவில்லை. அது என் தப்பு. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். என் வலப்பக்கம் ரப்பர் மரம், அந்தக் கித்தாத்தோப்பு முடிந்தால் காடு, நடுவில் ஒரு மெல்லிய தகரக் கதவு.

இரும்பு ஏறியதும் கார் இடப்பக்கமாகச் சாய்ந்தது. ஒரு வாரத்தில் துரைக்கே தெரிந்துவிட்டது. அவர் தமிழ் பேசுவார். கூலிகளை அதட்டக் கற்ற தமிழ். அதில் "வா, போ, செய், பேசாதே" தவிர வேறு ஒன்றும் கிடையாது.

"காடி சாயுது. நீ பாரு. சரி பண்ணு."

இரும்பை எடுத்தால் சரியாகும் என்று சொல்ல முடியுமா? ஸ்டோரிலிருந்து இரண்டு கோணிச் சாக்கை எடுத்து ஆற்று மணலை ரொப்பி, பின்பெட்டியில் வலப்பக்க மூலையில் வைத்தேன். பின்பக்கம் நிமிர்ந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கார் நேராக நிற்கிற மாதிரி இருந்தது. துரைக்குத் திருப்தி. முன் சக்கரம் ஏமாறவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் எடுத்தது அரிசிச் சாக்கு என்பதும் அப்போது உறைக்கவில்லை.

அரிசி அந்தக் காலத்தில் என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லியாக வேண்டும். தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றிக் கம்பிவேலி. வாசலில் துப்பாக்கியோடு காவல். மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்க, போகிற பெண்கள் தூக்குச்சட்டியில் ஒரு பிடி சோறு எடுத்துப் போகக் கூடாது. காட்டுக்காரனுக்குப் போய்விடுமாம். என் மனைவி விடியற்காலையில் வெறும் வயிற்றோடு போய், பால் எடுத்து முடித்து மதியம் வந்துதான் சாப்பிடுவாள். வாசலில் அவளுடைய கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள், பால் வாளியைக் குச்சியால் கலக்கிப் பார்ப்பார்கள். துரை காரை மட்டும் எவனும் தொடுவதில்லை. தடுப்புக் கம்பைத் தூக்கிச் சல்யூட் அடிப்பார்கள்.

அப்படி இருக்கும்போது, தோட்டத்து எல்லையில் ஒரு குழியில் மூன்று தகர டின் அரிசி அகப்பட்டது. வேலிக்குள்ளிருந்து யாரோ வெளியே கடத்தியிருக்கிறார்கள். யார் என்று தேடல் ஆரம்பித்தது.

அந்த வாரம்தான் காரைக் கழுவும்போது என் விரல் டயரின் உள்பக்கத்தில் நூலைத் தொட்டது. முன் இடப்பக்கம். வெளிப்பக்கம் பார்த்தால் ரப்பரில் வெட்டிய பூ நன்றாக இருந்தது. உள்விளிம்பில் ரப்பரே இல்லை. உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். உள்ளிருந்து வெளியே தடவினால் வழுக்கியது. வெளியிலிருந்து உள்ளே தடவினால் அரம் மாதிரி பிடித்தது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டினேன். ஆட்டம் இல்லை. காற்று சரியாக இருந்தது. அப்படியானால் சக்கரம் நேராக நிற்காமல், சாய்ந்தபடியே மண்ணை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

டயர் மாற்ற வேண்டும் என்று ஆபீசில் பெரிய கிராணியிடம் போய்ச் சொன்னேன். அவர்தான் எழுத்து வேலைக்கெல்லாம் தலைவர். அவருக்கும் எனக்கும் ஏற்கெனவே ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டு ஆட்களை டவுனுக்குப் படம் பார்க்கக் கூட்டிப் போகச் சொன்னார். "தொரகிட்டக் கேட்டுட்டு வாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்.

"ஆறு மாசத்துல நூலா?" என்றார். "காரை எங்கேடா ஓட்டுனே?"

"தொர சொன்ன எடத்துக்குத்தான். புஸ்தகத்துல எழுதியிருக்கே, மைல் போட்டு."

"மீட்டர் கேபிளைக் கழட்டிட்டு ஓட்டுனா மைல் ஏறுமா? எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதே."

அந்தத் தந்திரம் உண்மைதான். கேபிளைக் கழற்றிவிட்டுச் சொந்த வேலைக்கு ஓட்டுகிற டிரைவர்கள் இருந்தார்கள். நான் செய்ததில்லை. ஆனால் செய்யவில்லை என்று எதைக் காட்டி நிரூபிப்பது? நான் எழுதிய மைல் கணக்கு அதோடு செல்லாக்காசாகிவிட்டது.

மறுநாள் மதியம், பால் நிறுக்கிற நேரத்தில், போலீஸ் ஜீப் வந்தது. பால் கொட்டகை வாசலில் பெண்களும் ஆண்களும் வாளிகளோடு வரிசையாக நின்றிருந்தார்கள். என் மனைவியும் இருந்தாள். கார் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் நின்றது. இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். கிராணி முதலில் டயரைக் காட்டினார். பிறகு இன்ஸ்பெக்டர் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

இரண்டு அரிசிச் சாக்கு.

"பெராஸ்?" என்றார். அரிசியா என்று கேட்டார்.

"பாசிர், துவான்." மணல் ஐயா என்றேன்.

அவிழ்த்துக் கொட்டச் சொன்னார். மணல்தான் கொட்டியது. கொட்டி முடித்துச் சாக்கை உதறியபோது, தையல் மடிப்பிலிருந்து அரிசி விழுந்தது. ஐந்தாறு மணி இருக்கும், நொய். அதைக் குனிந்து பொறுக்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஐந்தாறு நொய் போதும். அதைவிடக் குறைவாக வைத்திருந்தவர்களையே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கோர்ட்டு கிடையாது. எப்போது திரும்புவாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பினார்கள். நான் பிறந்தது இந்தத் தோட்டத்து லயத்தில். இந்தியாவில் எனக்கு ஒரு தெருகூடத் தெரியாது.

இன்ஸ்பெக்டர் மலாயில் அமைதியாகச் சொன்னார். "டயர் ரொம்ப ஓடியிருக்கு. சாக்குல அரிசி இருக்கு. இந்தக் காரை யாரும் சோதிக்கிறதில்ல. நீ என்னோட ஸ்டேஷனுக்கு வா."

கிராணி சொன்னார்: "அப்பவே நெனைச்சேன்."

எனக்குப் பயம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த "அப்பவே நெனைச்சேன்" என்கிற வார்த்தையைக் கேட்டதும் பயத்துக்கு மேலே கோபம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"வரேன் துவான்," என்றேன். "ஆனா டயர முழுசாப் பாத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க. கிராணி ஒரு டயரக் காட்டுனாரு. கார்ல நாலு இருக்கு."

"மரியாதையாப் பேசுடா," என்றார் கிராணி.

"டயர எண்ணுறதுல என்ன மரியாத?"

வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார்கள். சத்தம் கேட்டு ஆபீசிலிருந்து துரையும் வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "காட்டு" என்றார்.

"ரொம்ப தூரம் ஓடுன வண்டின்னா நாலு டயரும் ஓடியிருக்கணும். மூணு சக்கரத்த வீட்ல விட்டுட்டு ஒரு சக்கரம் மட்டும் காட்டுக்குப் போகுமா? வலப்பக்கத்தப் பாருங்க, புதுசு மாதிரி இருக்கு."

"எல்லாந்தான் தேஞ்சிருக்கு," என்றார் கிராணி. "கண்ணுக்குத் தெரியலையா?"

கண்ணால் பார்த்தால் அப்படித்தான். செம்மண் படிந்து நான்கும் ஒரே மாதிரி கிடந்தன. நான் குனிந்து விரலால் செம்மண்ணைச் சுரண்ட ஆரம்பித்தேன். அப்போதுதான் வரிசையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"இந்தாய்யா, மண்டோர் கையில கம்பி இருக்குல்ல? மரத்தக் குத்துற மாதிரி குத்திப் பாரேன்."

மண்டோர் மரம் வெட்டுகிறவர்களை மேய்க்கிறவர். அவரிடம் ஊசி முனை வைத்த ஒரு கம்பி எப்போதும் இருக்கும். பட்டையில் எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறது என்று குத்திப் பார்க்கிற கம்பி. அதில் கோடு போட்டிருக்கும். கொஞ்சம் ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டால் அன்று வெட்டியவர் தொலைந்தார். அந்தக் கம்பி சொன்னால் துரை முதல் கிராணி வரை யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். எத்தனையோ பெண்களை அழவைத்த கம்பி. அன்றைக்கு முதல்முறையாக எங்களுக்காகக் குத்தட்டும் என்று கை நீட்டினேன். மண்டோர் துரையைப் பார்த்தார். துரை தலையசைத்தார்.

"நீங்களே குத்துங்க மண்டோரே," என்றேன். "நான் குத்துனா அதுக்கும் ஒண்ணு சொல்லுவாங்க."

மண்டோர் உட்கார்ந்து டயர்ப் பூவின் பள்ளத்தில் கம்பியை விட்டார். வலப்பக்கத்து முன் டயர்: உள்ளே, நடுவே, வெளியே, மூன்று இடத்திலும் ஒரே கோடு. வலப்பக்கத்துப் பின் டயரும் அதேதான். இடப்பக்கத்துப் பின் டயரில் உள்பக்கம் கொஞ்சம் குறைவு. இடப்பக்கத்து முன் டயரில் வெளியே வலப்பக்கத்து அளவு, நடுவே பாதி, உள்ளே கம்பி இறங்கவே இல்லை.

"ஒரே டயர்லயே வெளிப்பக்கம் புதுசு, உள்பக்கம் நூல்," என்றேன். "தூரம் ஓடி வந்த தேய்மானம் இப்படி வராது. சக்கரம் சாஞ்சு ஓடுது."

"ஏன் சாயுது?" என்றார் இன்ஸ்பெக்டர். முதல்முறையாக அவர் குரலில் சந்தேகம் இல்லாமல் கேள்வி மட்டும் இருந்தது.

ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டி, இடப்பக்கத்து மட்கார்டு விளிம்பிலிருந்து சக்கரத்துக்கு நேரே தொங்கவிட்டேன். நூல் நேராக நிற்கும், அது யாருக்கும் பயப்படாது. தரையில் படுத்துப் பார்த்தேன். நூலுக்கும் ரிம்மின் மேல் விளிம்புக்கும் நாலு விரல். கீழ் விளிம்புக்கு மூன்று விரல். சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறது. வலப்பக்கம் போட்டேன். மேலேயும் கீழேயும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"தரை சாய்வா இருக்கு," என்றார் கிராணி.

மனுஷன் விடுவதாக இல்லை. நான் ஏறி, காரை வெளியே எடுத்து, திருப்பி, மறுமுகமாக அதே இடத்தில் நிறுத்தினேன். தரைதான் குற்றவாளி என்றால் இப்போது வலப்பக்கத்துச் சக்கரம் சாய வேண்டும். நூலைப் போட்டேன். இடப்பக்கத்துச் சக்கரம்தான் சாய்ந்திருந்தது. அதே நாலு விரல், மூன்று விரல்.

"தரையும் நம்ம கட்சிதான்ங்க கிராணி," என்று வரிசையிலிருந்து ஒரு கிழவர் சொன்னார். இந்தமுறை சிரித்தவர்கள் இருமவில்லை.

"இப்ப இரும்பக் கழட்டணும்," என்றேன்.

துரை முகம் மாறியது. "எதுக்கு?"

"காட்டத்தான் துரை. திருப்பி மாட்டிக்கலாம்."

அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கையை நீட்டி, செய் என்று காட்டினார். ஃபிட்டரைக் கூப்பிட்டேன். அவர் நட்டுகளைக் கழற்றினார். எட்டு ஆட்கள் பால் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு வந்து, நான்கு தகடுகளையும் ஒவ்வொன்றாக இறக்கிச் சிமெண்டுத் தரையில் வைத்தார்கள். ஒவ்வொன்றும் டங்கென்று விழுந்தது. கடைசித் தகடு இறங்கியபோது காரின் இடப்பக்கம் எழுந்ததை அங்கே நின்ற எல்லோரும் பார்த்தார்கள். சுமை இறக்கிய மாடு மாதிரி எழுந்தது. காரை முன்னும் பின்னும் இரண்டு தடவை தள்ளச் சொன்னேன். எடை மாறினால் சக்கரம் உடனே தன் இடத்தில் உட்காராது, உருட்டிவிட்டால்தான் உட்காரும். பிறகு நூலைப் போட்டேன். மேலே கீழே இரண்டும் ஒன்று. ஒரு தீக்குச்சி வித்தியாசம்கூட இல்லை.

"இதான் துவான் காரணம்," என்றேன். "துரை உக்கார்ற பக்கம் மட்டும் இரும்பு. அந்தக் கனத்துல கார் சாஞ்சுது. சாயுதுன்னு துரை சொன்னாரு, நான் மணல் வச்சேன். சாக்கு ஸ்டோர்ல கெடந்த சாக்கு. தோட்டத்துல காலிச் சாக்குன்னா அது அரிசிச் சாக்குதான், வேற எது இருக்கு? மணலு பின்னால நிமித்துச்சு, முன் சக்கரத்த நிமித்தல. அது சாஞ்சபடியே ஓடி உள்பக்கம் தேஞ்சுபோச்சு. என்னப் புடிச்சுட்டுப் போறதுன்னா போங்க. ஆனா டயரக் காரணம் காட்டாதீங்க."

இன்ஸ்பெக்டர் தரையில் கிடந்த தகடுகளைப் பார்த்தார். பிறகு காரைச் சுற்றி என் பக்கம் வந்து, கதவைத் திறந்து, விரலால் தட்டினார். தகர டப்பா சத்தம். இன்னொரு தடவை தட்டினார்.

"இந்தப் பக்கம்?" என்று துரையைக் கேட்டார்.

துரை தன் பக்கத்துத் தகடுகளைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அந்தப் பக்கம் இரும்பு. இந்தப் பக்கம் நான்."

அதைச் சொல்ல ஐந்து மாதம் ஆகியிருக்கிறது எனக்கு. கிராணி வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கையில் இருந்த நொய்யைக் கீழே உதறினார். ஸ்டோருக்குள் போய் மற்றச் சாக்குகளையும் உதறிப் பார்த்தார். எல்லாவற்றிலும் நாலைந்து மணி விழுந்தது. "இனிமே மணலுக்கு வேற சாக்கு எடு," என்று என்னிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. பிடித்துக்கொண்டு போகாததற்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தால் நாள் போதாது.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஜீப் வாசலைத் தாண்டுமுன்பே துரை ஃபிட்டரிடம் சொன்னார்: "இரும்பு மாட்டு." நான்கு தகடும் திரும்ப இடப்பக்கமே ஏறியது. கிராணி ஒரு யோசனை சொன்னார். மாதம் ஒருமுறை இடப்பக்கத்து டயரை வலப்பக்கமும் வலப்பக்கத்து டயரை இடப்பக்கமும் மாற்றிப் போட்டால் சமமாகத் தேயுமாம். நல்ல யோசனைதான். டயருக்குத் தீர்வு கிடைத்துவிட்டது.

நான் சாவியை எடுத்துத் இடப்பக்கத்து மட்கார்டின் மேல் வைத்தேன்.

"டயர மாத்தலாம் துரை. என்ன எந்தப் பக்கம் மாத்துவீங்க?"

அவருக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். அல்லது புரிந்தது. முகம் சிவந்துவிட்டது.

"நீ ஓட்டு."

"ஓட்டல. ரெண்டு பக்கமும் இரும்பு போடுங்க, ஓட்டுறேன். இல்ல, ரெண்டு பக்கமும் எடுத்துடுங்க, அப்பவும் ஓட்டுறேன். ஒரு பக்கம் இருந்தா ஓட்ட மாட்டேன்."

"நீ வேலை இல்லை. வீடு இல்லை. போ."

"வீடு எம் பேர்ல இருக்கு தொர," என்றாள் என் மனைவி வரிசையிலிருந்து. அவள் அந்தத் தோட்டத்தில் நன்றாக மரம் வெட்டுகிறவர்களில் ஒருத்தி. அவளை அனுப்ப முடியாது என்று துரைக்குத் தெரியும். மண்டோருக்கும் தெரியும், அவர் சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் பெரட்டில், ஆள் கூப்பிடுகிற நேரத்தில், அவளோடு போய் நின்றேன். ஒரு பழைய கத்தியைக் கொடுத்தார்கள். எனக்கு மரம் வெட்டத் தெரியாது. முதல் நாளே ஏழு மரத்தில் காயம். மண்டோர் அதே கம்பியை எடுத்துக் குத்தினார்.

"நேத்து என்னமோ இந்தக் கம்பிதான் ஒனக்குச் சாட்சியா இருந்துச்சு," என்றார்.

"சாட்சி உண்மையத்தான் சொல்லுது மண்டோரே. காயம்தான், எழுதிக்குங்க."

என் மனைவி அடுத்த மர நிரையிலிருந்து கத்தினாள்: "ஸ்டேரிங்க் புடிக்கிற மாதிரி புடிக்காதய்யா. மரத்தத் திருப்பி எங்க கொண்டு போகப் போற?"

அன்றைக்கே துரை காரைத் தானே எடுத்தார். வேறு டிரைவர் வரவில்லை. கொட்டகையில் நடந்தது மாலைக்குள் சுற்றியிருந்த தோட்டங்களுக்கெல்லாம் போய்விட்டது, அந்த இருக்கையில் உட்கார எவனும் தயாராக இல்லை. ஓட்டுகிற இருக்கை வலப்பக்கம். இரும்பு இடப்பக்கம். டவுனுக்குக் கடிதக் கட்டு எடுத்துப் போக வேண்டியிருந்ததால் கிராணியையும் கூட்டிப் போனார். கிராணி இடப்பக்கம், நான்கு தகடுகளுக்கு நடுவில், கீறல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு பத்திரமாக உட்கார்ந்திருந்தார். துரை வலப்பக்கம், தகரக் கதவோடு, காட்டுப் பக்கம் தோளைக் காட்டிக்கொண்டு ஓட்டினார். நிரையில் நின்றிருந்த நாங்கள் எல்லோரும் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தேவையே இல்லை.

மூன்று நாள் அப்படி ஓட்டினார். நாலாம் நாள் ஃபேக்டரியில் இரும்பு அறுக்கிற சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் மண்டோர் நிரைக்கு வந்தார். "தொர கூப்புடுறாரு. கத்திய வச்சுட்டுப் போ. மரமாவது பொழைக்கட்டும்."

போனேன். கார் கொட்டகையில் நின்றது. வலப்பக்கக் கதவில் இரும்பு. என் காலுக்கு முன்னால் இரும்பு. இருக்கை முதுகில் இரும்பு. கண்ணாடிக்கு மட்டும் போடவில்லை, ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்க வேண்டும், அது நியாயம். இத்தனை கனத்துக்கு முன் ஸ்பிரிங் தாங்காது, இரண்டு சக்கரமும் உள்ளே சாயும் என்று இரும்பு அறுத்த அன்றே ஃபிட்டரிடம் போய்ச் சொல்லியிருந்தேன். டவுனிலிருந்து கனமான ஸ்பிரிங் வரவழைத்து மாட்டியிருந்தார்கள். நாலு டயரும் புதுசு.

துரை வெளியே வந்தார். சாவியை நீட்டினார். "இப்போ ஓட்டு."

நான் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். காரில் ஏறவில்லை. நூலையும் நட்டையும் எடுத்தேன். இடப்பக்கத்து மட்கார்டில் தொங்கவிட்டு, நட்டு ஆட்டம் நிற்கிற வரை காத்திருந்தேன். துரை தொப்பியில்லாமல் வெயிலில் நின்றார். ஜன்னலில் கிராணியின் தலை தெரிந்தது. நட்டு நின்றது. மேலே விரல் வைத்தேன், கீழே விரல் வைத்தேன். எழுந்து காரைச் சுற்றி, அவசரப்படாமல், வலப்பக்கம் போய் அதையே செய்தேன். பிறகு பின் சக்கரங்கள் இரண்டுக்கும் செய்தேன்.

"என்ன?" என்றார் துரை.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு துரை," என்றேன். "ஏறுங்க."